பின் சக்கர டிரம் பிரேக்: கேபிளில் கை வைக்கும் முன்

ஆல்டோ, வேகன் ஆர் மாதிரியான சின்னக் கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் அடித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாயும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் சக்கரங்களே பார்த்துவிடும். அதனால் பின் பிரேக் தளர்ந்து கிடப்பது மாதக்கணக்கில் தெரிவதில்லை. மேம்பாலச் சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டும் வண்டி பின்னால் உருளும்போதுதான் தெரியவரும். அப்போது நம்மில் பலரும் செய்வது, "கேபிளைக் கொஞ்சம் டைட் பண்ணிக் கொடுங்க" என்று கேட்பது. பல வண்டிகளில் கோளாறு நிலைத்துப் போவது அந்த ஒரு வேலையால்தான்.

1. இன்ஜினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்தியபடி பெடலை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, உடனே இரண்டாவது முறை மிதித்தால் மேலேயே நின்றால், டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். பஞ்சு மாதிரி அமுங்கினால் லைனில் ஏர் இருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லத் தரைக்குப் போனால் மாஸ்டர் சிலிண்டர் கோளாறு, அல்லது எங்கோ ஆயில் கசிவு. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்ட வேண்டாம்.

2. சந்தேகம் தீர ஒரு எளிய சோதனை உண்டு. ஹேண்ட் பிரேக்கை ஷூ டிரம்மைத் தொடும் அளவுக்கு இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். தாழ்ந்து போன பெடல் இப்போது மேலேயே நிற்கிறதென்றால், குறை பின் சக்கர ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டில்தான். செலவில்லாத சோதனை; ஒர்க்‌ஷாப் போகும் முன் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

3. ஹேண்ட் பிரேக் எத்தனை 'டக்'கில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். சரியான எண்ணிக்கை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். சின்னக் கார்கள் பலவற்றில் 4 முதல் 9 வரை. அதைத் தாண்டினால் கேபிள் நீண்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஷூவின் லைனிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும் லீவர் இதே மாதிரி உயரும்.

4. கேபிளை முதலில் இறுக்கவே கூடாது. டிரம்முக்குள் இரண்டு ஷூ. அவற்றுக்கு நடுவே ஒரு அட்ஜஸ்டர். லைனிங் தேயத் தேய, பெடலை மிதிக்கும்போது அந்த அட்ஜஸ்டர் ஒவ்வொரு பல்லாக நகர்ந்து இடைவெளியைச் சரிக்கட்டும். சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது நகரும். இது நடக்க வேண்டுமானால், ஷூவில் மாட்டியிருக்கும் ஹேண்ட் பிரேக் லீவர் முழுக்கப் பின்வாங்கி அதன் இடத்தில் உட்கார வேண்டும். கேபிளை முறுக்கிவிட்டால் அது எப்போதும் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும். பல அமைப்புகளில் அட்ஜஸ்டர் வேலை செய்வது அதோடு நின்றுவிடும். ஹேண்ட் பிரேக் பிடிப்பதுபோல் இருக்கும். பெடல் மட்டும் வாரத்துக்கு வாரம் இறங்கும். இன்னும் இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடி, லைனிங்கும் பெட்ரோலும் வீணாகும்.

சரியான வரிசை இது: காருக்குள் நாம் இழுக்கும் ஹேண்ட் பிரேக் லீவர் அடியில் இருக்கும் கேபிள் நட்டைத் தளர்த்துவது, டிரம்முக்குள் ஷூவை அட்ஜஸ்ட் செய்வது, பெடலைப் பலமுறை அழுத்தி மிதிப்பது, எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் தளர்ச்சிக்கு மட்டும் கேபிள். மெக்கானிக்கிடம் இந்த வரிசையைச் சொல்லிக் கேளுங்கள். டிரம்மைக் கழற்றாமல், சக்கரத்தடியில் குனிந்துகூடப் பார்க்காமல், லீவர் பக்கத்திலேயே ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்ததென்றால், முடிந்தது பாதி வேலைகூட இல்லை.

5. அட்ஜஸ்டரில் நட்சத்திரப் பல் சக்கரம் உள்ள வண்டியில் நீங்களே செய்வதானால், சமதளத்தில் நிறுத்தி முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக்கூடாது, ஸ்டாண்ட் அவசியம். சக்கரத்தின் உட்புறத் தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும். அதன் வழியே ஸ்க்ரூ டிரைவரால் பல் சக்கரத்தைத் திருப்பி, சக்கரம் இறுகும்வரை கொண்டுபோய், பிறகு தாராளமாகச் சுற்றும்வரை பின்வாங்குங்கள். கையால் சுற்றும்போது லேசான உரசல் சத்தம் காதில் விழலாம். கைக்கு இழுவை தெரியக்கூடாது.

6. துளையே இல்லாத வண்டிகளில் டிரம்மைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். திரும்ப மாட்டியபின் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே காது கொடுத்தால் உள்ளே அட்ஜஸ்டர் 'டிக், டிக்' என்று ஏறுவது பல வண்டிகளில் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும்வரை மிதியுங்கள்.

7. தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக் என்பதால் பார்க்க வேண்டியதில்லை என்று விட்டுவிடாதீர்கள். லைனிங் தூளும் துருவும் சேர்ந்து அட்ஜஸ்டரை இறுக்கிவிடும். கழற்றிச் சுத்தம் செய்து, திருகில் சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சம் தடவ வேண்டும். லைனிங்கில் படவே கூடாது. இடப்பக்க அட்ஜஸ்டரையும் வலப்பக்க அட்ஜஸ்டரையும் மாற்றி மாட்டினால், ஷூ இறுகுவதற்குப் பதில் தளரும்.

8. டிரம்முக்குள் இருக்கும் தூளை ஏர் அடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம்; நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. மெக்கானிக் ஈரத்துணியால் துடைக்கட்டும், அல்லது பிரேக் கிளீனர் பயன்படுத்தட்டும். பக்கத்தில் நின்று வேலை கற்கும் சிறுவனுக்காகவாவது இதை வற்புறுத்திச் சொல்லுங்கள்.

9. டிரம் வரவில்லையா? சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம். பல டிரம்களில் இதற்கென்றே திருகு வெட்டிய இரண்டு துளைகள் உண்டு. பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். கழற்றிய கையோடு வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ஆயில் ஊறிய லைனிங்கைத் தேய்த்துப் பயனில்லை. இரு பக்க ஷூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

10. வேலை முடிந்ததும் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பின் ரிம்களுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்க ஷூ பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஆளில்லாத மண் திடலில், நடக்கும் வேகத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி இரு தடங்களையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் கீறல் விழுந்திருந்தால் இரண்டும் சமமாகப் பிடிக்கவில்லை.

11. மழைக்காலத்தில் பல நாள் வண்டியை நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள்; ஈரத்தில் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரு பக்கமும் கல் வையுங்கள். எடுக்கும் முன் கல்லை எடுத்துவிட்டோமா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.