தரவுத்தளக் கணிப்பொறிக்கு ஏற்ற செயலி எது?

காலை மணி 10. அடுத்த நாள் புறப்படும் ரயில்களின் குளிர்சாதன வகுப்புகளுக்குத் தட்கல் முன்பதிவு தொடங்குகிறது. நாடெங்குமிருந்து எண்ணற்ற வேண்டுகோள்கள் ஒரே நேரத்தில் வந்து குவிகின்றன. 1980-களின் நடுவில் புது தில்லியில் தொடங்கிய கணிப்பொறி வழி முன்பதிவு, 2002-இல் இணையத்திற்கும் வந்தது. இன்று நிலப் பதிவேடு, குடும்ப அட்டை, ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் தரவுத்தளங்களிலேயே அடங்கியுள்ளன. இவை தாமதித்தால் அவதிக்குள்ளாவது பொதுமக்களே.

தாமதம் நேர்ந்தவுடன், "இன்னும் பெரிய செயலி வேண்டும்" என்ற கோரிக்கை எழுவது வழக்கம். ஆனால் நோயறியாமல் மருந்து வாங்குவது போன்றது அது. எது காத்திருக்கிறது என்பதை அளந்தறிந்த பின்னரே செயலியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

காத்திருப்பது எதற்காக?

3 கிகாஹெர்ட்ஸ் செயலி ஒரு வினாடியில் 300 கோடி முறை துடிக்கிறது. தேவையான தரவு, செயலிக்குள்ளேயே அமைந்த 'கேஷ்' என்னும் சிறு நினைவகத்தில் இருந்தால் உடனே கிடைக்கும். முதன்மை நினைவகத்திற்குச் செல்ல நேர்ந்தால் ஏறத்தாழ 300 துடிப்புகளும், திண்மநிலை வட்டிற்குச் செல்ல நேர்ந்தால் சுமார் 3 லட்சம் துடிப்புகளும், சுழலும் வட்டு எனில் கோடிக்கணக்கான துடிப்புகளும் வீணாகும். ஆகவே, வட்டிற்காகக் காத்திருக்கும் கணிப்பொறிக்குப் புதிய செயலி பயன் தராது. கூடுதல் நினைவகமே பயன் தரும்.

வினவலின் அமைப்பையும் ஆராய வேண்டும். ஒரு கோடிப் பதிவுகளில் ஒன்றைத் தேட, சுட்டுவரிசை இல்லையேல் அட்டவணை முழுவதையும் படிக்க நேரிடும். சுட்டுவரிசை இருப்பின் மூன்று, நான்கு படிகளில் அதனை அடையலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.

எண்ணிக்கையா, வேகமா?

செயலிதான் தடை என்று உறுதியான பின், 'கோர்' எனப்படும் கணிப்பு மையங்கள் பல வேண்டுமா, ஒவ்வொன்றும் விரைவாக இயங்க வேண்டுமா என்ற வினா எழுகிறது. ஒன்றையொன்று சாராத பணிகள் பல ஒருங்கே நடைபெறும் இடத்தில் கோர்களின் எண்ணிக்கை உதவும். ஆனால் ஒரு ரயிலின் சில இருக்கைகளுக்குப் பலர் போட்டியிடும்போது, அப்பதிவை ஒருவர் பின் ஒருவராகவே மாற்ற இயலும்.

இவ்வரம்பை 1967-இல் ஜீன் அம்தால் விளக்கினார். பணியில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகவே நடக்கவேண்டும் எனக் கொள்வோம். 16 கோர்கள் வேகத்தை 6.4 மடங்காக்கும், 64 கோர்களோ 8.8 மடங்காக மட்டுமே உயர்த்தும். கோர்கள் நான்கு மடங்காகியும் பயன் ஒன்றரை மடங்கை எட்டவில்லை. இத்தகைய பணிக்குக் குறைந்த கோர்களும், மிகு வேகமும், பெரிய கேஷும் கொண்ட செயலியே ஏற்றது. வணிகத் தரவுத்தள மென்பொருள்கள் சிலவற்றுக்குக் கோர்களின் எண்ணிக்கைப்படியே உரிமக் கட்டணம் கணக்கிடப்படுவதால், தேவையற்ற கோர்கள் இரட்டைச் செலவாகும்.

செப்பனிடும் முறை

வாங்கிய செயலியையும் செப்பனிடுதல் வேண்டும். மின்சாரச் சேமிப்பு அமைவில் செயலி வேகம் குறைந்து இயங்கக்கூடும். சுமை மிகுந்த தரவுத்தளத்திற்கு முழுத்திறன் அமைவைச் சோதித்துப் பார்க்கலாம். இரு செயலிகள் உள்ள கணிப்பொறியில், தன்னை ஒட்டிய நினைவகத்தைக் காட்டிலும் மற்றதன் நினைவகத்தை அணுக ஒவ்வொரு செயலிக்கும் அதிக நேரமாகும்; அதற்கேற்ப நினைவகத்தைப் பகிர்ந்தளித்தல் நன்று. நினைவகம் பெரிதாயின் 4 கிலோபைட் பக்கங்களுக்குப் பதிலாக 2 மெகாபைட் பக்கங்களைப் பயன்படுத்தலாம். ஒரே கோரை இரண்டாகக் காட்டும் வசதியால் திறன் இரட்டிப்பாகிவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான இணைப்புகளை நேரே அனுமதிக்காமல், அளவான எண்ணிக்கையில் பகிர்ந்து பயன்படுத்துவதும் இன்றியமையாதது.

ஒரு நேரத்தில் ஒரே அமைவை மாற்றி, அதே சுமையில் மீண்டும் அளந்து, முடிவைக் குறித்து வைத்தல் வேண்டும். சராசரி நேரத்தோடு, மிக அதிகமாகக் காத்திருந்தவரின் நேரத்தையும் நோக்குதல் வேண்டும். சராசரி அவருடைய அவதியை மறைத்துவிடும்.

பொதுப்பணத்தில் வாங்கும் கருவி, மக்களின் காத்திருப்பைக் குறைக்கும் அளவிற்கே மதிப்புடையது. கொள்முதல் ஆணைக்கு முன் செய்யும் ஒரு வார அளவீடு, பல ஆண்டுச் செலவைத் தவிர்க்கக்கூடும்.