ஊடாடு புனைவுக் கருவிகளில் தமிழ்த்தொடர் இயைபு: எதிர்வினை நிரலாக்க நோக்கு

முன்னுரை

வாசகரின் தெரிவுக்கேற்பக் கதை வழிபிரிவதும், அதற்கேற்பத் தொடர்கள் உருமாறுவதும் ஊடாடு புனைவின் இயல்பாகும். வில் கிரௌதர் 1976 அளவில் எழுதி, டான் வுட்ஸ் 1977இல் விரிவாக்கிய ‘அட்வென்ச்சர்’ இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இன்று இத்தகைய புனைவை ஆக்குவோர் கையாளும் திறமூலக் கருவிகளுள் மூன்று குறிப்பிடத்தக்கவை. அவை, கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட டுவைன். இங்க்கில் நிறுவனம் ‘80 டேஸ்’ (2014) உள்ளிட்ட தன் ஆக்கங்களில் பயன்படுத்தி, 2016இல் எம்.ஐ.டி. உரிமத்துடன் பொதுவில் வைத்த இங்க். கிரஹாம் நெல்சன் 2006இல் வெளியிட்டு, 2022இல் மூலநிரலைத் திறந்த இன்ஃபார்ம் 7. மூன்றும் ஆங்கிலச் சூழலில் தோன்றியவை. அவற்றில் தமிழ்த்தொடர் வழுவின்றி அமைவதற்கு என்ன வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாறியும் வேற்றுமையும்

இக்கருவிகளில் கதைப்பொருளின் பெயர் ஒரு மாறியில் இருக்கும். இங்க்கில் நெளிவு அடைப்புக்குள் மாறியை எழுதினால் அதன் மதிப்பு தொடரில் வந்து அமரும். ஆங்கிலத்தில் பெயர் எவ்விடத்தும் பெரும்பாலும் உருத்திரியாது நிற்பதால் இம்முறை போதுமானது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரின் ஈற்றோடு புணர்கிறது. ‘மரம்’ என்பதோடு ‘ஐ’யை ஒட்டினால் கணினி ‘மரம்ஐ’ என்றே தரும். ‘மரத்தை’ என்பதற்கு மகர ஈறு கெட்டு அத்துச்சாரியை வரவேண்டும். வீடு ‘வீட்டை’ ஆகும். ஆனால் விளக்கு ‘விளக்கை’ என்றே நிற்கும். ‘கல்’ என்பதன் புள்ளியை நீக்கி, மெய்யை இரட்டித்து, உயிர்க்குறியைச் சேர்த்தால்தான் ‘கல்லை’ கிடைக்கும்.

எழுத்து வடிவை மட்டும் நோக்கியும் விதி அமைத்துவிட இயலாது. ‘ஆறு’ நீர்ப்பெருக்கைக் குறித்தால் ‘ஆற்றில்’. எண்ணைக் குறித்தால் ‘ஆறில்’. பொருளும் எண்ணிக்கையும் மாறிகளாகவே வரும் ஒரு புனைவில் இவ்விரண்டும் ஒரே பத்தியில் சந்திக்கக்கூடும். எனவே பெயர் வெறும் எழுத்துச் சரமாக அன்றி, இலக்கணக் குறிப்புகளைத் தாங்கிய பொருளாக மாறியில் இடம்பெற வேண்டும். உருபேற்ற பின்னும் சிக்கல் தீர்வதில்லை: ‘விளக்கைப் பார்த்தான்’ என்பதில் வலி மிகும், ‘விளக்கை எடுத்தான்’ என்பதில் மிகாது. அடுத்து வரும் வினையும் மாறியாக இருப்பின், ஒற்று மிகுமா என்பதை இரண்டு மாறிகள் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

இதற்கு நடைமுறையில் ஒரு மாற்றுவழி உண்டு. ‘என்பவர்’, ‘அவர்கள்’, ‘என்னும் பொருள்’ என்பனவற்றைப் பெயரின் பின் வைத்து, உருபை அவற்றின் மேல் ஏற்றுவது அது. அலுவலக மடல் எழுதுவோர் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். வழு நேராது, ஆயின் காதலியை விளிக்கும் பாத்திரம் விண்ணப்பம் எழுதுவது போல் பேசும்.

சார்பு மதிப்பும் வழுவும்

எதிர்வினை நிரலாக்கம் இங்குத் துணைபுரிகிறது. ஒரு மதிப்பு மாறியதும் அதனைச் சார்ந்த மதிப்புகள் அனைத்தும் தாமே மாறுமாறு நிரலை அமைப்பது இம்முறை. 1979இல் வெளிவந்த விசிகால்க் முதலிய விரிதாள்கள் இதற்கு எளிய சான்று. கோனல் எலியட்டும் பால் ஹூடாக்கும் 1997இல் வெளியிட்ட ஃப்ரான் இதனை நிரல்மொழி ஆய்வில் நிலைநிறுத்தியது. இன்று வியூ, ஸ்வெல்ட், ஆர்.எக்ஸ்.ஜே.எஸ். முதலிய திறமூலக் கருவிகள் இதனை வலைப்பக்கங்களில் கையாளுகின்றன.

இந்நோக்கில் ‘மரத்தை’ என்பது தனியே சேமிக்கப்படும் சொல்லன்று. ‘மரம்’ என்னும் மூலத்தின் சார்பு மதிப்பு. வினைமுற்றும் அத்தகையதே: ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தது’ என்பன எழுவாயின் திணையையும் பாலையும் சார்ந்தவை. ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் முன்னிலை வடிவங்கள் ஒருவரின் பண்பை மட்டும் சார்ந்தவை அல்ல. பேசுவோர், கேட்போர் இருவரிடையே உள்ள உறவைச் சார்ந்தவை. கதையின் இடையில் பகைவர் சம்பந்தியானால் அவ்விருவரிடையே நிகழும் ஒவ்வொரு விளியும் வினையும் மாறியாக வேண்டும். இதனை ஆசிரியர் கையால் திருத்த முற்படின் ஏதேனும் ஓரிடம் விடுபடுவது உறுதி.

எதிர்வினை நிரலாக்கத்தில் ‘கிளிட்ச்’ எனப்படும் குறை ஒன்றுண்டு. மூல மதிப்பு மாறியபின் அதன் சார்புகளுள் ஒன்று புதுப்பிக்கப்பட்டு மற்றொன்று பழையதாகவே நிற்கும் இடைநிலை அது. எழுவாய் ‘அவள்’ என மாறியபின் வினை ‘வந்தான்’ என நிற்பின், நிரலர் அதனைக் கிளிட்ச் என்பர்; இலக்கணிகள் பால்வழு என்பர். தொல்காப்பியக் கிளவியாக்கம் திணை, பால் மயங்காது தொடர் அமைதலை வகுத்துரைப்பதும், நன்னூல் வழுவை ஏழாக வகுப்பதும் இங்கு நினைக்கத்தக்கன. சார்புகளை வரிசைப்படுத்தி, மூலத்திலிருந்து படிமுறையாகப் புதுப்பித்தல் கிளிட்ச் நேராது காக்கும் வழியாகும். தமிழ்த்தொடரில் அவ்வரிசை பெயர், உருபு, வினை, வலிமிகல் என அமையும். புணர்ச்சியை முதலில் கணித்து வினையைப் பின்னர் மாற்றும் நிரல் ஒற்றுப்பிழையில் முடியும்.

காட்டப்பட்ட உரையின் நிலை

எல்லாவற்றையும் எதிர்வினைக்கு உட்படுத்துதலும் பொருந்தாது. பத்தாம் காட்சியில் உறவு மாறியதும், திரையில் மேலே நிற்கும் முதற்காட்சியின் ‘நீ’ ‘நீங்கள்’ என்று மாறிவிடின், நடந்தது திரிக்கப்படும். விரிதாளுக்கு இறந்தகாலம் இல்லை, கதைக்கு உண்டு. டுவைனின் ஹார்லோ, சுகர்கியூப் ஆகிய கதைவடிவங்களில் பத்தி தோன்றும்போதே மாறி மதிப்பிடப்படுகிறது. வேறு கட்டளை இல்லையேல் அவ்வுரை பின்னர் மாறுவதில்லை. இங்க் வரிவரியாக உரையை வெளியிடுவதால் வெளிவந்த வரி அவ்வாறே நிற்கும். இவ்வியல்பு குறையன்று, கதையின் காலத்தைக் காப்பது. எனவே சார்பு மதிப்புகளைக் கணிக்கும் பகுதியைக் கருவிக்கு வெளியே வைத்து, வரி வெளிவரும் கணத்தில் மட்டும் அதனை அழைப்பதே ஏற்றது. இங்க்கில் இதற்குப் புறச்செயற்கூறு என்னும் வாயில் உள்ளது. இன்ஃபார்ம் 7இல் ஆங்கில மொழிக்கூறுகளே ஒரு தனி நீட்சியாக எழுதப்பட்டிருப்பதால், தமிழுக்கான நீட்சியும் அவ்விடத்திலேயே தொடங்கலாம். ஆயின் முன்னதைவிட அது பன்மடங்கு பெரிய பணி.