அரியக்குடி வீட்டுல ஒரு சூளை: ஒரு கப்புக்கு நிஜமா எவ்வளவு கிடைக்குது?

சைடு இன்கம் பத்தி நம்ம சேனல்ல வீடியோ போட்டா, கீழே வர்ற கேள்விகள்ல பாதி ஃப்ரீலான்ஸ் கோடிங், மீதி பங்குச்சந்தை. இந்த தடவை வந்த கேள்வி வேற மாதிரி. காரைக்குடி பக்கத்துல அரியக்குடியில பூர்வீக வீடு, சாஃப்ட்வேர் கம்பெனியில வீட்டுலேர்ந்தே வேலை, வருஷ சம்பளம் பன்னிரண்டரை லட்சம். பின்கட்டுல சக்கரம் போட்டு ரெண்டு வருஷமா கப், கிண்ணம் செய்யறாங்க. இப்போ மின்சூளை வாங்கப் போறாங்களாம். கேள்வி ஒரே வரி: "சார், இதுல வேலையை விடலாமா?"

அவங்க அனுப்பின நோட்டுப் புத்தகப் பக்கங்களை வச்சுதான் இன்னிக்குப் பாடம். எண்களை நான் கொஞ்சம் வட்டமாக்கியிருக்கேன். உங்களுக்கு மண்பாண்டத்துக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். மெழுகுவர்த்தி, கேக், க்ரோஷே எதுவா இருந்தாலும் கணக்கு இதேதான்.

முதல்ல நம்ம பக்கத்து ஊர்க்காரங்ககிட்டேர்ந்து ஒண்ணு கத்துக்கலாம். அரியக்குடின்னா சங்கீதக்காரங்களுக்கு ராமானுஜ ஐயங்கார். 1890-ல பிறந்தவர். இன்னிக்கு நாம கேக்கற கச்சேரியோட அமைப்பையே வகுத்தவர்னு சொல்வாங்க. கச்சேரி மேடையில மிருதங்கத்துக்குப் பக்கத்துல உக்காரும் கடம் எங்கேர்ந்து வருது? அதே சிவகங்கை மாவட்டத்து மானாமதுரையிலேர்ந்து. 2023-ல மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சுது. கடம் சாதாரணப் பானை இல்லை. கண்மாய் மண்ணைக் கலந்து, சக்கரத்துல எடுத்து, உள்ளே கல்லைப் பிடிச்சு வெளியே மரப்பலகையால தட்டித் தட்டிச் சுவரைக் கெட்டியாக்கணும். அப்புறம் சுடணும். அதுக்கப்புறமும் எல்லாப் பானையும் பாடாது. சுதி சேராதது, கணீர்னு ஒலிக்காதது எல்லாம் ஒதுங்கும். ஒதுங்கின பானைக்குப் போன மண், விறகு, முதுகுவலி எல்லாத்தையும் பாடற பானையோட விலைதான் சுமக்கணும். இதைத்தான் நம்ம வாசகியோட நோட்டுல காணோம்.

அவங்க எழுதியிருந்தது இவ்வளவுதான்: "ஒரு கப்புக்கு மண் 20 ரூபாய், பூச்சு 10 ரூபாய், கரண்ட் 16 ரூபாய். விலை 450. லாபம் 404." இதைப் படிச்சா நானே ஆடிட்டர் போர்டைக் கழட்டிட்டு சக்கரம் வாங்கிடுவேன்.

இப்போ ஒரு பேட்ச்சை முழுசா எழுதுவோம். 40 கப். ஆளுக்கு அரை கிலோ வச்சா 20 கிலோ தயார் களிமண், கிலோ 40 ரூபாய்னு 800. பூச்சுக்கு 400. முதல் சூடு சுமார் 1,000 டிகிரிக்கு, பூச்சு போட்ட பிறகு ரெண்டாவது சூடு 1,200 டிகிரிக்கு மேல; ரெண்டுக்கும் சேர்த்து 80 யூனிட், யூனிட் 8 ரூபாய்னு 640. சூளையும் சக்கரமும் சேர்த்து 1,80,000; மாசம் ஒரு பேட்ச், பத்து வருஷம் ஓடும்னு வச்சா 120 பேட்ச், பேட்ச்சுக்கு 1,500. ஹீட்டிங் காயில், சூளைத் தட்டு தேய்மானத்துக்கு 300.

அடுத்து இழப்பு. காயும்போது ரெண்டு விரிசல். முதல் சூட்டுல ஒண்ணு வெடிக்கும். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தா நூறு டிகிரியைத் தாண்டும்போதே நீராவி பிளந்துடும். 573 டிகிரி பக்கத்துல மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் திடீர்னு விரியும், அங்கே அவசரப்பட்டாலும் விரிசல்தான். பூச்சு வழிஞ்சு தட்டோட ஒட்டிக்கிட்டது மூணு. 40-ல மிச்சம் 34. அதுலயும் நாலு கோணல், அதை 200-க்குத்தான் தள்ளணும். ஆக வரவு: 30 கப் 450-க்கு 13,500, நாலு 200-க்கு 800, மொத்தம் 14,300. 34 கப்புக்கு அட்டைப்பெட்டி, பபிள் ராப் தலைக்கு 40 ரூபாய்னு 1,360. (கூரியர் வாங்கறவங்க செலவு.) மொத்தச் செலவு சரியா 5,000. லாபம் 9,300.

மோசமில்லையேன்னு தோணும். இப்போ நேரம். கப் எடுக்க 4 மணி, அடி செதுக்க 4, கைப்பிடி ஒட்ட 4, பூச்சு 4, ரெண்டு தடவை சூளை அடுக்கி இறக்க 3, கழுவிச் சுத்தம் பண்ண 2, ஃபோட்டோ எடுக்க, "விலை என்ன?" மெசேஜுக்குப் பதில் போட, பேக் பண்ண 5. மொத்தம் 26 மணி நேரம். மணிக்கு 358 ரூபாய். மெசேஜ் போடற நேரத்தை யாருமே எழுத மாட்டாங்க. எழுதுங்க.

அதே கப்பைக் கடையில வைக்கறீங்க, கடைக்காரர் 35 சதவீதம் எடுத்துக்கறார்னு வச்சுக்கோங்க. 14,300-ல 5,005 போச்சு. மிச்ச லாபம் 4,295. மணிக்கு 165.

சரி, வேலையை விடறது? கைக்கு 95,000 வருதுன்னா, அதுக்கு ஈடா மாசம் பத்து பேட்ச். 400 கப் செய்யணும், 260 மணி நேரம் உக்காரணும். அது கூடப் பரவாயில்லை, ஒவ்வொரு மாசமும் 340 கப் வாங்க ஆள் வேணும். இதுல கம்பெனி போடற பிஎஃப் பங்கு, கிராஜுவிட்டி, அப்பா அம்மாவுக்கும் சேர்த்து இருக்கற குரூப் இன்ஷூரன்ஸ் எதையும் நான் சேர்க்கலை.

"அப்போ மண்பாண்டத்தையே நம்பி யாரும் வாழலையா?" வாழ்ந்திருக்காங்க. பாண்டிச்சேரியில கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. 1971-ல ரே மீக்கர், டெபோரா ஸ்மித்னு ரெண்டு அமெரிக்கர்கள் அரவிந்தர் ஆசிரமத் தொடர்புல ஆரம்பிச்சது. டெபோரா ஜப்பான்ல பிஸன்ங்கற மட்பாண்ட ஊர்ல பயிற்சி எடுத்தவங்க. இந்தியாவுல இன்னிக்கு ஸ்டூடியோ பாட்டரி செய்யறவங்கள்ல பல பேர் அந்தப் பட்டறையில பயின்றவங்க. ரே மீக்கர் 1980-கள்ல பச்சைக் களிமண் செங்கல்ல வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர். நம்ம ஆளுங்க கண்ணுக்கு இதுதான் தெரியும், பிரமிப்பாவும் இருக்கும். ஒரு கணக்காளனா நான் பார்க்கறது வேற: அந்தப் பட்டறையோட அடிப்படைச் சரக்கு தட்டு, கிண்ணம், டீபாட். தினசரிப் புழக்கத்துக்கானது. உள்ளூர் ஆட்களைப் பழக்கி, திரும்பத் திரும்ப ஒரே அளவுல செஞ்சு வித்த பாத்திரங்கள். பரிசோதனைக்குத் துணிச்சல் வேணும்னா, பக்கத்துலயே அலுப்பு தட்டற ஒரு வரவு ஓடிக்கிட்டு இருக்கணும். நம்ம வாசகிக்கு அந்த வரவு அவங்க சம்பளம். அதை ஏன் முதல் வருஷமே வெட்டணும்?

இனி வரி. இங்கதான் எனக்கே தூக்கிவாரிப்போட்டுது.

2025-26 நிதியாண்டு, புது வரி முறை. சம்பளம் 12,50,000. நிலைக் கழிவு 75,000 போக 11,75,000. 12 லட்சத்துக்குள்ள இருக்கறதால தள்ளுபடி கிடைச்சு வரி பூஜ்யம். இதோட கப் லாபம் வருஷத்துக்கு 1,11,600 சேர்ந்தா 12,86,600. 12 லட்சத்தைத் தாண்டியாச்சு, தள்ளுபடி காலி. முதல் 4 லட்சத்துக்கு இல்லை, அடுத்த 4-க்கு 20,000, அடுத்த 4-க்கு 40,000, மிச்சம் 86,600-க்கு 15 சதவீதம்னு 12,990. செஸ் சேர்த்து சுமார் 75,910 ரூபாய். லேசாத் தாண்டினவங்களுக்கு விளிம்பு நிவாரணம்னு ஒண்ணு உண்டு, ஆனா இந்தத் தொகைக்கு அது உதவாது. ஆக, வருஷம் முழுக்க 312 மணி நேரம் மண்ணுல உக்காந்து சம்பாதிச்சதுல கையில நிக்கறது 35,690. மணிக்கு 114 ரூபாய்!

இது மண்பாண்டத்தோட குத்தம் இல்லை. 12 லட்சத்துக்கு ஒட்டி சம்பளம் வாங்கற யாருக்குமே கூடுதல் வருமானத்தோட முதல் லட்சம் இப்படித்தான் கரையும்.

என்ன பண்ணலாம்? கம்பெனி என்பிஎஸ் வசதி தருதான்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. புது முறையிலயும், கம்பெனி உங்க பேர்ல போடற என்பிஎஸ் தொகைக்கு பேசிக்ல 14 சதவீதம் வரை கழிவு உண்டு. பேசிக் 6,25,000-னா 87,500. அதே சிடிசிக்குள்ள இதை மாத்தி அமைச்சா, மொத்த வருமானம் 12,86,600-லேர்ந்து 11,99,100 ஆகுது. திரும்ப 12 லட்சத்துக்குள்ள வந்தாச்சு, வரி பூஜ்யம். பணம் பெரும்பாலும் ஓய்வுக்காலம் வரை பூட்டிக்கும், அது தெரிஞ்சே செய்யுங்க. ஆனா 75,910 கட்டறதுக்கும் 87,500 உங்க பேர்லயே சேர்றதுக்கும் வித்தியாசம் இருக்கு.

இன்னொரு வழி எல்லாரும் சொல்வாங்க: 44ஏடி. வங்கி வழியா வந்த விற்பனையில 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபம்னு காட்டினாப் போதும். இவங்க விற்பனை 1,71,600; 6 சதவீதம் 10,296. வரி வராது. பிரிவு சட்டப்படி இருக்கறதுதான், சின்ன வியாபாரிகளுக்கு நல்லதும்தான். ஆனா அந்த 6 குறைந்தபட்சம். நோட்டுல 65 சதவீத லாபத்தைக் கணக்கா எழுதி வச்சுக்கிட்டு ரிட்டர்ன்ல 6 காட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லை. அதுவே போதும்னு வாதாடற ஆடிட்டர்களும் இருக்காங்க, நான் அந்தக் கட்சி இல்லை. இதுல நுழைஞ்சுட்டு நடுவுல விட்டா அடுத்த அஞ்சு வருஷம் திரும்ப வர முடியாதுங்கறதையும் நினைவுல வச்சுக்கோங்க.

"இது ஹாபி சார், வருமானமா?"ன்னு கேப்பீங்க. மாசாமாசம் விலை போட்டு வித்தா அது வியாபாரம். ஐடிஆர்-1 போட முடியாது. 44ஏடின்னா ஐடிஆர்-4, இல்லாட்டி ஐடிஆர்-3. வியாபார வருமானம் வந்துட்டா, பழைய முறை புது முறைன்னு வருஷா வருஷம் தாவற சுதந்திரமும் போயிடும். புது முறையிலேர்ந்து வெளியே போனா, திரும்ப வர ஒரே ஒரு வாய்ப்புதான்.

ஜிஎஸ்டி சுருக்கமா. மண்பானைக்கும் அகல் விளக்குக்கும் வரி கிடையாது, பூச்சு போட்ட கப்புக்கு உண்டு. தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு மட்டும் வித்தா வருஷம் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். வகுப்பும் எடுத்தா அது சேவை, வரம்பு 20 லட்சம். பெங்களூருக்கு அனுப்பினா? வெளி மாநிலத்துக்கு ஒரு ரூபாய்க்கு வித்தாலும் பதிவு வேணும்ங்கறதுதான் பொது விதி. ஆனா கையால செஞ்ச கைவினைப் பொருளுக்கு 20 லட்சம் வரை விலக்கு இருக்கு, மட்பாண்டமும் அந்தப் பட்டியல்ல வரும். பான் வேணும், இ-வே பில் போடணும். பெரிய ஆன்லைன் சந்தைகள்ல விக்கறதுக்கு விதி தனி, அதை அடுத்த வீடியோல சொல்றேன்.

அப்போ வாசகிக்கு நான் சொன்னது என்ன? வேலையை விடாதீங்க. சூளையையும் பர்சனல் லோன்ல வாங்காதீங்க. 450 ரூபாய் விலையை முதல்ல 600-ஆக்கிப் பாருங்க. 30 கப்புக்கு 4,500 கூடுது, லாபம் 13,800, மணிக்கு 530. பாதிப் பேர் விலகிப் போனாலும் நஷ்டம்னு சொல்ல முடியாது. பாதி மண்ணு, பாதி நேரம் மிச்சம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் வெளியூர்க்காரங்க கேக்கற விலையைக் கொடுத்துட்டுப் போறாங்க. அங்கே போய் ஒரு மணி நேரம் நின்னு பாருங்கன்னு சொன்னேன். கலைஞர் கைவினைத் திட்டத்துல கடன் கிடைக்குமான்னு கேட்டாங்க. அதுக்கு 35 வயசு ஆகியிருக்கணும், அவங்களுக்கு 29.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காகிதம் எடுத்து வைக்கச் சொன்னேன். ஒண்ணு, வேலைக்குச் சேர்ந்தப்ப கையெழுத்துப் போட்ட ஆர்டர். வெளியில தொழில் செய்யக்கூடாதுன்னு அதுல ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். இருந்தா எழுத்துல அனுமதி வாங்கணும். இன்னொண்ணு, ஈபி அட்டை. ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் ஓடற வீட்டுல சூளையோட 160 சேர்ந்தா 540. 500-ஐத் தாண்டினா மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழ் அடுக்கு ரேட்டும் ஏறிடும், அப்போ நம்ம 8 ரூபாய்க் கணக்கே பத்தாது. குடிசைத் தொழிலுக்குத் தனி கட்டணப் பிரிவு இருக்கு, தனி மீட்டர் வைக்கலாமான்னு ஈபி ஆபீஸ்ல கேக்கணும். வீட்டுக்கு வாங்கியிருக்கற லோடு அந்தச் சூளையைத் தாங்குமான்னும் சேர்த்தே கேட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை போறாங்களாம்.