கூண்டுக்கு அடியில் முளைத்தது நெல்லா, புல்லா?

கும்பகோணம் பக்கம் தங்கை வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் லவ் பேர்ட்ஸ் கூண்டு தொங்குகிறது. (நாம் அப்படிக் கூப்பிட்டாலும் அவை ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர் கிளிகள்.) ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள், கூண்டுக்கு அடியில் நாற்றங்கால் மாதிரி ஒரு பச்சைத் திட்டு. “அண்ணே, விதைக்காமலே நெல்லு வந்திருக்கு பாருங்க” என்றாள். அவள் மாமியாருக்கு அது களை. பக்கத்து வீட்டுக்காரருக்கோ, பறவை எச்சத்தில் முளைத்த ஏதோ ஒன்று.

எச்சக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். ஆலும் அரசும் பறவை வயிற்றின் வழியாக ஊர் சுற்றுபவைதான்; கோபுர இடுக்கில் அரசு முளைப்பது அப்படித்தான். தானியம் தின்னும் பறவை வேறு ரகம். இந்தக் கிளிகள் அலகாலேயே உமியை உரித்துவிடும். உள்ளே போனது இரைப்பையில் அரைபட்டுக் கூழாகிவிடும். முளைப்பதெல்லாம் வாய்க்குப் போகாமல் சிந்தியது. சிந்த வைப்பதும் பாதி நாம்தான். கிண்ணத்தின் மேலே உமி மூடிக் கிடக்கும்; காலியாகிவிட்டது என்று நினைத்து ஒரே தட்டாகத் தட்டுவோம். அடியில் கிடந்த முழுத் தானியமும் மண்ணுக்குப் போகும்.

“பாயசத்துக்கு வாங்கிய தினையைப் போட்டுப் பார்த்தேன், முளைக்கவே இல்லை” என்பவர்கள் உண்டு. அது உமி நீக்கித் தீட்டிய தினையரிசி; முளைக்கரு போனது. குருவிக்கு விற்பது உமியோடு இருக்கும் தினை.

இனி நெல்லா, புல்லா என்ற வழக்கு. டெல்டாவில் பிறந்தவர்களே ஏமாறும் இடம் இது. நெல்மெரட்டி என்ற களை இளநாற்றில் நெல்லாகவே நடிக்கும். களையெடுக்கும் கையும் தவறும். இலை தண்டோடு சேரும் கழுத்தை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். நெல் என்றால் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று நாக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் ரோமம் வைத்த சின்னக் கொக்கிகள். நெல்மெரட்டியில் அந்த இடம் வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருக்கும். தினைக்கும் கம்புக்கும் தோலுக்குப் பதில் குறுரோம வரிசை. தங்கை வீட்டுத் திட்டில் நான் பார்த்தது பெரும்பாலும் இந்த ரோம வரிசைதான்.

சந்தேகமிருந்தால் ஒரு நாற்றைக் கிளறி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். விதைக்கூடு சில நாள்வரை வேரடியில் ஒட்டியிருக்கும். பொடி மஞ்சள் என்றால் தினை, பருத்த உருண்டை என்றால் சோளம். சூரியகாந்திக்கு இந்தச் சோதனையே வேண்டாம். தடித்த இரண்டு வித்திலைகளின் தலையில் கோடு போட்ட தொப்பியை மாட்டிக்கொண்டு தானே வந்து நிற்கும்.

அலசியதில் மூன்று சோளம் கிடைத்தன. இளஞ்சோளம் மேய்ந்தால் ஆடு செத்துப்போகும் என்பதைக் கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் உண்டு. அது கதையில்லை. சோளப் பயிரில் துரின் என்றொரு பொருள் இருக்கிறது; மென்றதும் அது ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும். இளம்பயிரிலும், தண்ணீரின்றி வாடிய பயிரிலும், அறுத்தபின் வரும் மறுதளிரிலும் இது அதிகம். முற்ற முற்றக் குறையும். கொல்லையில் ஆடு கட்டுபவர்கள் சோள நாற்றை உடனே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

தினையை விட்டுவைக்கலாம். சுமார் 80, 90 நாளில் நரிவால்போல் ரோமத்தோடு கதிர் வளையும். அதை அப்படியே கூண்டுக்குள் கட்டினால் கிளிகள் ஒரு மணி மிச்சம் வைக்காது.

மாமியாரின் சந்தேகத்தையும் ஒரேயடியாகத் தள்ளவில்லை. பறவைத் தீனியில் களைவிதை கலந்து வருவது உண்மை. ஐரோப்பாவில் ஒவ்வாமை தரும் அம்புரோசியா பரவியதற்கு அதுவும் ஒரு வழி. தீனியில் அந்த விதை எவ்வளவு இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பே வைத்திருக்கிறது. ஆகவே கிண்ணத்து உமியை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். ஒரு தொட்டியில் கொட்டி, முளைப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.