உடுப்புதான் நமக்கு அளவாக வேண்டும்

பெருநாளோ, முன்னேஸ்வரம் திருவிழாவோ, தலவில அன்னம்மாள் திருவிழாவோ நெருங்கினால் புத்தளம், கற்பிட்டி, சிலாபம் கடைகளில் கூட்டம்தான். கூடவே "உங்கட சைஸுக்கு இல்ல" என்ற பேச்சும் வரும். அதற்குச் சில குறிப்புகள்:

● லேபிளை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 'எல்', இன்னொன்றின் 'எக்ஸ்எல்'. ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகள் வெளிநாட்டு அளவில் வெட்டப்பட்டவை. மார்பு, இடுப்பு, தோள் அளவைத் துண்டில் எழுதிக் கொண்டுபோய் நாடாவால் அளந்து வாங்குங்கள்.

● தைக்கக் கொடுக்கும்போது, பக்கத் தையல்களில் ஒவ்வொரு மடிப்புக்கும் அரை அங்குலம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். பிறகு 2 அங்குலம் வரை தளர்த்தலாம்.

● "மெலிஞ்ச பிறகு உடுப்பேன்" என்று சிறிய உடுப்பு வாங்காதீர்கள். கடலோரப் புழுக்கத்தில் இறுக்கமான உடுப்பு வேர்க்குருவைத்தான் தரும். தளர்ந்த பருத்தியே சுகம்.

● கலியாண வீட்டில் "என்ன, கொழுத்திட்டீங்க?" என்று கேட்பதை விட்டு, "சுகமா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்குக் 'குண்டு' என்ற பட்டப்பெயர் வேண்டாம். கேலியால் யாரும் மெலிவதில்லை, ஒதுங்கத்தான் செய்வார்கள்.

● உடல்நலக் கவலையை வைத்தியரிடம் பேசுங்கள். தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீற்றர் எட்டினால் இரத்த அழுத்தம், சீனி பார்ப்பது நல்லது. 35 வயதான பெண்களுக்கு அரசின் சுவநாரி கிளினிக்கில் பரிசோதனை இலவசம்.