பழைய ஸர்வே படங்களும் மேய்ச்சல் தரையும்

கறவை மாடு வாங்கக் கடன் கோரும் அங்கத்தினர் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம், மாடு எங்கே மேயும் என்பதாகும். மேய்ச்சல் தரை குன்றிய ஊரில் தீவனச் செலவு பால் வருமானத்தை விழுங்கிவிடும். கடன் தவணையும் தவறும். ஊருக்கு முன்பு எவ்வளவு தரை இருந்தது, அது எப்போது குறைந்தது என்பவற்றை வாய்ச்சொல்லைக் கொண்டு மட்டும் நிர்ணயிக்க இயலாது. பழைய படங்களே இதற்குத் தக்க சாட்சியாகும்.

செங்கற்பட்டு ஜில்லா இவ்விஷயத்தில் பாக்கியம் பெற்றது. 1763-ம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபு கும்பினியாருக்கு ஜாகீராக விட்ட இப்பிரதேசத்தை, தாமஸ் பார்னார்டு என்னும் எஞ்சினீயர் 1767 முதல் 1774 வரை கிராமவாரியாக அளந்தார். 1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலையருகே லாம்ப்டன் என்பவர் சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன்மேல் எழுந்த அளவையிலிருந்து, 1 மைலை 1 அங்குலமாகச் சுருக்கிய படங்கள் பின்னர் உண்டாயின.

படத்தைப் படிக்கும் முறை:

1. வர்ணப் படங்களில் மஞ்சள் சாகுபடி நிலத்தையும், நீலம் நீரையும், பச்சை மரஞ்செடிகளையும் குறிக்கும். வெண்மையாக விட்ட இடம் பெரும்பாலும் சாகுபடியில்லாத் தரையாகும்.

2. விட்டுவிட்டு வரைந்த கோடுகள் ஒற்றையடிப் பாதைகள். அவை ஊரிலிருந்து எந்த ஏரிக்கும் எந்தத் திறந்த வெளிக்கும் செல்கின்றன என்று நோக்குக.

3. ஒரே இடத்தின் படங்களை வருஷ வரிசையில் அடுக்கி ஒப்பிடுக.

மாமல்லபுரம் கரையை உதாரணமாகக் கொள்ளலாம். அங்குள்ள கிருஷ்ண மண்டபத்தில், ஆயன் பால் கறக்கப் பசு தன் கன்றை நக்கும் பல்லவர் காலச் சிற்பம் உண்டு. வடக்கே பட்டிபுலம் என்னும் ஊர் இருக்கிறது. பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். புலம் என்பது நிலம். பெயர் ஒன்றைக்கொண்டு முடிவுகட்டலாகாது. ஆயினும் தேடத் தொடங்க அது நல்ல குறிப்பு. கரைக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் செல்கிறது. 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக இக்கால்வாயின் பகுதிகள் வெட்டப்பட்டன. அதற்கு முந்திய படத்திலுள்ள பாதைகள் பிந்திய படத்தில் எங்கே கால்வாயைக் கடக்கின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று காண்க. மணல் வெளிகளில் சவுக்குத் தோப்புகளும், பிற்காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையும் மனைப்பிரிவுகளும் வந்ததையும் அவ்வாறே அறியலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். வெண்மையான இடமெல்லாம் புறம்போக்கு அன்று; அது பட்டா நிலமாகவும் இருக்கலாம். மேலும், அங்குலப் படத்தில் பக்கத்துக்குக் கால் அங்குலமுள்ள சதுரமே 40 ஏக்கராகும். ஆகையால் ஓரிரு ஏக்கர் வழக்கை அதைக்கொண்டு தீர்க்க முடியாது. மைலுக்கு 16 அங்குலமாக வரைந்த கிராமப் படத்தில் 1 சதுர அங்குலம் இரண்டரை ஏக்கர். அதில் ஸர்வே நம்பரைக் கண்டு, ‘அ’ பதிவேட்டில் ‘மேய்க்கால்’ அல்லது ‘மந்தைவெளி’ என்று பதிந்துள்ளதா என ஒத்துப்பார்க்க வேண்டும்.

கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மாகாண அரசாங்கங்களுக்கெல்லாம் உத்தரவிட்டது. உத்தரவு இருப்பினும், நிலத்தை இன்னதென்று காட்டுவோர் ஊராரே ஆவர். சங்கத்தார் ஒரு நாள் கூடிப் படத்தையும் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, எல்லைக் கற்களை நேரில் நடந்து பார்ப்பாராக. மாட்டுக் கடன் மனுக்களைப் பிறகு பரிசீலிப்பது உத்தமம்.