கல்லெழுத்தும் கைபேசி வரைபடமும்

பெங்களூரு டொம்லூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவை அவ்வூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அழைக்கின்றன. எத்துணை அழகிய பெயர்! இந்நகரின் கன்னட, தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றை பி. எல். ரைஸ் 1905இல் நூலாக வெளியிட்டார். பின்னர் நகரம் விரிந்தது. கற்கள் பல மறைந்தன.

எஞ்சியவற்றை ஆர்வலர்கள் தேடிக் கண்டு, அவை நிற்கும் இடங்களைக் கூகுள் வரைபடத்தில் குறித்து வருகின்றனர். முப்பரிமாண வருடியால் படியெடுக்கும்போது, தேய்ந்த எழுத்துகளும் புலப்படுகின்றன. ஹெப்பாளத்தில் 2018இல் கிடைத்த கல், ஏறத்தாழ கி.பி. 750ஐச் சேர்ந்தது. வரைபடத்தில் இடம்பெற்ற கல்லை எவரும் அறியாமல் பெயர்த்தெடுத்தல் எளிதன்று. அதனைக் காண விரும்பும் மாணவரும் கைபேசி வழிகாட்ட, அதன்முன் சென்று நிற்கலாம்.

வினா: உம் வாழிடத்திற்கு அருகில் எழுத்துப் பொறித்த கல் உளதா? வரைபடத்தில் தேடி, அதன் இருப்பிடத்தை எழுதுக.